இரண்டடி உள்ளே

நவம்பர் 3, ஞாயிறு

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எதையும் இப்படி உட்கார்ந்து எழுதியதில்லை. போன வாரம் சர்ச் வளாகத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. ஒரு டாக்டரம்மா என் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விரல்கள் என்றைக்கெல்லாம் வெளுத்துப் போகின்றன, எவ்வளவு நேரம் மரத்துக் கிடக்கின்றன என்று தேதி போட்டு எழுதி வரச் சொன்னார். ஜனவரியில் மறுபடி வருவாராம். குளிரில் கவனமாக இருக்கச் சொன்னார். வேறொன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

அவர் படிப்பார் என்பதால் என்னைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பெயர் இன்னாசி. வயது ஐம்பத்து மூன்று. கொடைக்கானலில் மரம் ஏறி வெட்டுவது தொழில். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மரம், கரண்டு கம்பியைத் தொடும் மரம், காற்றுக்குப் பயந்து ஆட்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கும் மரம், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருடமாக ஏறுகிறேன். அதில் இருபத்திரண்டு வருடம் கீழே கயிறு பிடிப்பவன் சவடமுத்து. மேலே நான், கீழே அவன். இதுவரை ஒரு கூரை ஓட்டைக்கூட உடைத்ததில்லை.

இன்று காலை வலது கையில் மூன்று விரல்கள் வெளுத்தன. அரை மணி நேரம்.

நவம்பர் 5, செவ்வாய்

செண்பகனூரில் வாட்டில் மரங்கள் ஆறு. சின்ன வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிஷின் வாளின் செயினுக்கு அரம் போட்டேன். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு. பல் கூராக இருந்தால் மரத்தூள் அவல்போல் வரும், மழுங்கிவிட்டால் மாவாகக் கொட்டும். இடுப்புப் பெல்ட்டின் தையலைப் பார்த்தேன். ஏறும் கயிற்றை முழுதாக விரித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலுக்குள் ஓட விட்டேன். கண்ணுக்குத் தெரியாத அறுபாடு விரலுக்குத் தெரியும். பல வருடப் பழக்கம்.

கயிறு நன்றாகத்தான் இருக்கிறது. இன்று கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து சவடமுத்துவோடு எங்கள் தெரு மன்றத்துக்குப் போனேன். எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் கேரம். நானும் சவடமுத்துவும் ஜோடி. பதினைந்து வருடமாக நாயுடுபுரத்தில் எங்களை ஜெயிக்க ஆள் இல்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை.

இன்று இரண்டு ஆட்டமும் தோற்றோம். பாக்கெட் வாயிலேயே உட்கார்ந்திருந்த சிவப்புக் காயை என்னால் போட முடியவில்லை. ஸ்ட்ரைக்கரைச் சுண்டியபோது விரல் அதில் பட்டதா பலகையில் பட்டதா என்றே தெரியவில்லை.

திரும்பி வரும்போது சவடமுத்து கேட்டான். "கையி என்னண்ணே ஆச்சு?"

"குளுருடா. பலகைல பவுடரும் சரியில்ல."

"பவுடர் எனக்கும் அதே பவுடர்தான?" என்று சிரித்தான்.

நவம்பர் 14, வியாழன்

மழை. வேலை இல்லை. விரல்கள் நன்றாக இருக்கின்றன.

நவம்பர் 22, வெள்ளி

காண்ட்ராக்டர் தனுஷ்கோடி ஒரு மரத்தைக் காட்ட எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். ஏரிக்கு மேலே உள்ள மேட்டில் ஒரு பழைய பங்களா. அதன் பின்பக்கம் நூறு அடிக்குக் குறையாத தைல மரம். அடியில் ஒரு பக்கம் உளுத்துப் பொக்கு. கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு விருந்தாளிகள் வருவதற்குள் இறக்க வேண்டுமாம்.

நான் மரத்தைத் தட்டிப் பார்த்தேன். சவடமுத்து சுற்றி வந்து, எந்தக் கிளை எந்தப் பக்கம் வரும், கயிற்றை எங்கே சுற்றுவது, தான் எங்கே நிற்பது என்று குச்சியால் தரையில் கோடு போட்டான். அவன் எப்போதும் அப்படித்தான். கோட்டைத் தாண்டி மரத்தடிக்குள் நிற்க மாட்டான்.

"கிரேன் வந்து நிக்க எடமில்ல, இன்னாசி. நீ ஏறினாத்தான் ஆச்சு" என்றார் தனுஷ்கோடி.

"ஏறிருவோம்" என்றேன். சவடமுத்து என் முகத்தைப் பார்த்தான்.

டிசம்பர் 1, ஞாயிறு

மன்றத்துக்குப் போகவில்லை. காலையில் என் மனைவி பிரகாசி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே அடுப்பு மேடையில் கை ஊன்றினேன். அவள்தான் கத்தினாள். என் இரண்டு விரல்கள் தோசைக்கல்லின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. கொப்புளம் வந்துவிட்டது.

"சுடலையா ஒங்களுக்கு?"

"சுட்டுச்சு, இப்பத்தான் எடுக்கப் போனேன்."

அவள் தேன் தடவிவிட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா என்னதான் சொன்னார் என்று கேட்டாள். வைட்டமின் மாத்திரை கொடுத்தார் என்றேன். கொடுத்ததும் உண்மைதான்.

டிசம்பர் 4, புதன்

சவடமுத்து பழனிக்கு மாலை போட்டிருக்கிறான். வருடா வருடம் தைப்பூசத்துக்கு மலையிறங்கி நடந்தே போவான். இன்று கழுத்தில் மாலையோடு, பச்சை வேட்டியில், குளித்த தலையோடு வேலைக்கு வந்தான். முன்பெல்லாம் சாயங்காலமானால் கொஞ்சம் குடிப்பான். நாலு வருடமாக அதையும் விட்டுவிட்டான். அவன் மனைவி வெள்ளத்தாய் அதற்காக எத்தனை கோயிலில் வேண்டினாள் என்று எனக்குத் தெரியும்.

டீ குடிக்கும்போது என் கையை வாங்கிப் பார்த்தான். விரல் நுனிகள் மெழுகுவர்த்திபோல இருந்தன.

"அண்ணே, பெரிய மரத்த இந்தத் தடவ விட்ருவமே. வேற யாராச்சும் ஏறட்டும்."

"யாரு ஏறுவா? சொல்லு."

இந்த ஊரில் அந்த மரத்தில் ஏற வேறு ஆள் இல்லை. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

"கட்டுறப்ப ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துக்கங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றான்.

டிசம்பர் 11, புதன்

தைல மரத்தில் முதல் நாள். கீழ்க்கிளைகள் ஒன்பது இறங்கின. எல்லாம் ஒழுங்காக. நான் கிளையில் கயிற்றைக் கட்டுவேன். அது மேலே ஒரு கவட்டைக்குள் போய்க் கீழே இறங்கும். மறுமுனையைச் சவடமுத்து பக்கத்து மரத்தின் தூரில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பான். "கட்டியாச்சா?" என்று கேட்பான். "ஆச்சு" என்பேன். அறுத்ததும் கிளை கயிற்றில் தொங்கும். அவன் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தரைக்கு இறக்குவான். பார்க்கிறவர்களுக்கு அது தானாக இறங்குகிற மாதிரி இருக்கும்.

காலையில் கடும் பனி. கைகள் பத்து மணிக்குத்தான் சரியாயின.

டிசம்பர் 12, வியாழன்

சவடமுத்துமேல் கிளை விழுந்துவிட்டது.

டிசம்பர் 14, சனி

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முதுகெலும்பு உடைந்திருக்கிறது. நெஞ்சிலும் அடி. நினைவு இருக்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

அன்றைக்குக் காலை எட்டே கால் மணி. எட்டாவது அடுக்குக் கிளை, என் இடுப்பளவு பருமன். அறுத்தேன். கிளை கயிற்றில் தொங்கவில்லை. முடிச்சிலிருந்து உருவிக்கொண்டு நேராகப் போனது. கீழே ஒரு வெட்டுக்கட்டையில் மோதி, துள்ளி, அவன் பக்கம் போனது. ஏன் உருவியது என்று தெரியவில்லை. கயிறு பனியில் நனைந்திருந்தது. தைல மரத்துப் பட்டை உரிந்து வழுக்கும்.

போலீஸ் வந்தது. அவன் நிற்கக்கூடாத இடத்தில் நின்றான் என்று தனுஷ்கோடி சொன்னார். என்னைக் கேட்டார்கள். நான் மேலே இருந்தேன், இலைதழை மறைத்தது, பார்க்கவில்லை என்றேன். அது பொய் இல்லை.

"கோட்டுக்கு உள்ள வந்திருப்பாரா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"வந்திருக்கலாம்" என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மதுரைக்குப் போய்வந்தேன். பார்வையாளர் நேரத்தில் வெள்ளத்தாய் டீ வாங்கக் கீழே போனாள். நானும் அவனும் மட்டும் ஐந்து நிமிடம் இருந்தோம். பேசினான். கிளம்பும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டான். மருந்து மயக்கம்.

பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டும்வரை வாந்தி.

டிசம்பர் 21, சனி

சவடமுத்து காலையில் இறந்துவிட்டான். ஒன்பது நாள் இருந்திருக்கிறான்.

டிசம்பர் 23, திங்கள்

நேற்று எடுத்தார்கள். நான்தான் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தேன். அவன் அண்ணன் தவசி என் தோளைத் தட்டி, "ஒங்க கூடத்தான்ணே அவன் எங்கள விட அதிகமா இருந்தான்" என்று அழுதார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். மாலை போட்டுக்கொண்டு குடித்திருந்தானாம். தடுமாறி உள்ளே வந்துவிட்டானாம். முருகன் சும்மா விடுவானா என்றான் ஒருவன். யார் சொன்னது என்று கேட்கத் திரும்பினேன். கேட்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

பூசையில் நற்கருணை வாங்கவில்லை. பிரகாசி கவனித்தாள்.

டிசம்பர் 30, திங்கள்

தனுஷ்கோடி வீட்டுக்கு வந்தார். கேக் கொண்டுவந்தார்.

"இனிமே நீ மரத்துல ஏற வேணாம், இன்னாசி. மேஸ்திரியா இரு. கீழ நின்னு சொல்லு, போதும். மத்தவன் ஏறட்டும்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "குடிச்சிருந்தான்னு ஊருக்குள்ள பேசுறாங்களே, யாரு கெளப்பினது?"

"ஊரு ஆயிரம் பேசும். எனக்கு ஏன் அது?" கேக் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கேசு இப்படியே முடியட்டும்ப்பா. கோடு தாண்டி நின்னான், அவ்வளவுதான். அதுக்கு மேல நோண்டினா ஒனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல. நீ முகாம்ல கை காட்டுனது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?"

பிரகாசி காபியோடு வந்ததும் பேச்சை மாற்றினார். போகும்போது, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடு என்றார். சரி என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு வெள்ளத்தாய் என்னைப் பின்கட்டுக்கு வரச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு அவரு குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"தெரியும்ணே. காலைல குளிச்சு, திருநீறு பூசி, என் கையால கஞ்சி குடிச்சிட்டுத்தான் போனாரு. ஆனா ஊருல என் காதுபடப் பேசுறாங்க. எங்கக்காவே கேக்குறா." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "குடிக்கலைன்னா, பின்ன ஏன்ணே தப்பான எடத்துல நின்னாரு? இருபது வருசமா கோடு போட்டு நின்ன மனுசன். அதான் எனக்கு வெளங்கல. ராத்திரியெல்லாம் அதையே யோசிக்கிறேன். வீட்டுல நான் ஏதும் சொல்லி, அந்த நெனப்புல நின்னுட்டாரோ? முதல் நாள் கேஸ் அடுப்பு விசயமா ஒரு சண்டை. சின்னச் சண்டைதான்ணே."

நான் அவள் காலடியில் கிடந்த வாழை இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியெல்லாம் நெனைக்காதம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

நான்கு நாளாக மேஸ்திரி வேலை. அட்டுவம்பட்டியில் சைப்ரஸ் மரங்கள். பெருமாள்மலைக்காரர் ஒருவர் ஏறுகிறார், இன்னொருவர் கயிறு பிடிக்கிறார். "கட்டியாச்சா?" என்று கீழே இருப்பவர் கேட்கும்போதெல்லாம் நான் இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். மதியம் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

மருத்துவ முகாம் இன்று. போகவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

டாக்டரம்மா இனி இதைப் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் சொன்னது இது. மிஷின் வாளின் அதிர்வு இத்தனை வருடமாகக் கைக்குள் போய் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்துவிட்டது. மிஷினை இனித் தொடக்கூடாது. விரலில் உணர்வு வந்துவிட்டது என்று அவர் பார்த்துச் சொல்லும்வரை மரத்தில் ஏறவே கூடாது. "உங்க உயிருக்கு மட்டுமில்ல, கீழ நிக்கிறவங்க உயிருக்கும் ஆபத்து" என்றார். இந்த வார்த்தையேதான். நான் தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் இந்த நோட்டிலும் எழுதவில்லை.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் பத்து விரலும் வெளுத்திருந்தன. வெயில் வரட்டும் என்று சவடமுத்து சொன்னான். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பங்களா மேனேஜர் அவசரப்படுத்தினார். நான் ஏறினேன்.

அந்தக் கிளையில் முடிச்சு எனக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. அங்கே கண் எட்டாது. கட்டிவிட்டுக் கட்டைவிரலை அந்தப் பக்கம் கொண்டுபோய், புரிகள் ஒன்றன்மேல் ஒன்று இறுகி உட்கார்ந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பதுதான் வழக்கம். தடவினேன். ஒன்றுமே தெரியவில்லை. கயிறா பட்டையா என்றுகூடத் தெரியவில்லை. மரக்கட்டையை மரக்கட்டையால் தொட்ட மாதிரி இருந்தது. பெல்ட்டைத் தளர்த்தி, சுற்றிப் போய்க் கண்ணால் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடந்தான்.

"கட்டியாச்சாண்ணே?"

"ஆச்சு."

"ரெண்டு தடவ பாத்தாச்சா?"

"ஆச்சுடா."

விழும்போது நான் பார்த்தேன். இலைதழை மறைத்தது என்று போலீஸில் சொன்னது பொய். கயிறு சுற்றிய மரத்தின் பக்கத்தில், தான் போட்ட கோட்டுக்கு வெளியே, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே என்னைப் பார்த்தபடி நின்றான். சரியான இடத்தில்தான் நின்றான். கிளை துள்ளி வந்தபோது ஓட அவனுக்கு நேரம் இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் நடந்ததையும் எழுத வேண்டும். வெள்ளத்தாய் போனதும் அவன் கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு நான் எங்க நின்னேன்? எனக்கு ஞாபகமே வரல. கோட்டுக்கு வெளியதான நின்னேன்?"

நான் சொன்னேன். "ரெண்டடி உள்ள வந்துட்ட, முத்து."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நெஞ்சுக் காயத்தால், துடைக்க அவனால் கையைத் தூக்க முடியவில்லை.

"அதான் நானும் நெனச்சேன்ணே. என் தப்புதான். இத்தன வருசத்துல ஒங்களுக்கு ஒரு கெட்ட பேரு வந்ததில்ல. நான் வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணே."

"பரவாயில்லடா" என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பிரகாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"தோசக்கல்லுல கை வச்சீங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும். நானும் கேக்காம விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "ஜெயில்ல போட்ருவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"யாருக்கும் தெரியாதுல்ல இப்ப. நீங்க சொல்லாட்டி யாருக்கும் தெரியாது."

"ஆமா."

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "வெள்ளத்தாயி குழாயடில என்னைப் பாக்குறப்பல்லாம் அந்த கேஸ் அடுப்புச் சண்டையச் சொல்லிச் சொல்லி அழுவுறா. இனிமே அவ முகத்த நான் எப்படிப் பாக்குறது?"

ஜனவரி 16, வியாழன்

காலையில் போனேன். வெள்ளத்தாய் வாசலில் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் சொன்னது, விரல், முடிச்சு, அவன் நின்ற இடம். சண்டையால் இல்லை, குடியால் இல்லை, அவன் பக்கம் எந்தத் தப்பும் இல்லை என்றேன்.

உரித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. ஒரு காய், இன்னொரு காய். பிறகு கேட்டாள்.

"ஆசுபத்திரில ஒங்ககிட்ட அவரு கேட்டாரா?"

நான் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். அவளுக்கு எப்படித் தெரிந்ததென்று தெரியவில்லை.

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டடி உள்ள வந்துட்டன்னு சொன்னேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள். "அதான். நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து ஒரே பேச்சு. 'நான் கெடுத்துட்டேன் புள்ள, நான் கெடுத்துட்டேன்'னு. சாகுறவரைக்கும் அதுதான். நான் என்ன சமாதானம் சொல்லியும் கேக்கல. தூங்கக்கூட இல்ல." எழுந்து நின்றாள். "இத நீங்க அன்னைக்குச் சொல்லியிருந்தா நாலு நாளாச்சும் நிம்மதியாக் கிடந்திருப்பாருல்ல?"

"ஆமா."

"நாளைக்கு அவரு அண்ணனை வரச் சொல்றேன். எல்லாரு முன்னாடியும் சொல்லணும். ஒரு வார்த்தை கொறைக்கக் கூடாது."

இவ்வளவு பேச்சில் அவள் ஒரு தடவைகூட என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

ஜனவரி 18, சனி

சொன்னேன். நேற்று தெருவே வந்திருந்தது. தவசி கடைசிவரை கேட்டார். பிறகு அடித்தார். கீழே விழுந்தேன். யாரோ அவரைப் பிடித்தார்கள். "விடுங்க" என்றேன், அவரை விடச் சொல்லி. அவர் திரும்ப அடிக்கவில்லை. என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, "பாடைக்குத் தோள் குடுத்தியேடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்களோடுதான் ஸ்டேஷனுக்குப் போனேன். முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். ராத்திரி அங்கேயே உட்காரவைத்து, காலையில் அனுப்பினார்கள்.

ஜனவரி 22, புதன்

ஜாமீன். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. என்மேலும் தனுஷ்கோடிமேலும். முகாம் டாக்டரம்மாவிடமும் விசாரித்தார்களாம்.

தனுஷ்கோடி ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்து, "ஒன்னால ரெண்டு குடும்பம் நாசம்" என்றார். அவர் சொன்னது எந்த இரண்டு குடும்பம் என்று யோசித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் ஏற முடியாது. பூண்டு மண்டியில் மூட்டை இறக்கப் போகிறேன். தரம் பிரிக்கும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள், பெரிய பல் சின்னப் பல் விரலுக்குத் தெரியவில்லை. மூட்டைக்கு முதுகு போதும்.

டீக்கடையில் சவடமுத்து குடித்திருந்தான் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. முன்பு சொன்னவர்கள்கூட, "அவன் சுத்தமான ஆளுய்யா" என்கிறார்கள். நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து சர்ச் படியில் உட்கார்ந்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

சோறு இறங்கவில்லை. மண்டியில் மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எனக்குத் தெரியாமல் பிரகாசி வெள்ளிக்கிழமை வெள்ளத்தாயிடம் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் செத்துவிடுவார், மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று காலைப் பிடித்து அழுதிருக்கிறாள்.

இன்று மதியம் வெள்ளத்தாய் வந்தாள். பிரகாசி பாய் விரித்தாள். அவள் உட்காரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். நான் எழுந்து நின்றேன்.

"சாப்பிடுறதில்லையாமே?"

நான் தலையாட்டினேன்.

"சாப்பிடுங்க. கேசு நடக்கணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க வந்து நிக்கணும். தனுஷ்கோடி பெரிய வக்கீலா வச்சிருக்காரு. அவரு ஒங்கள மாத்திப் பேச வைக்கப் பாப்பாரு. அப்ப நீங்க தெம்பா நின்னு என் வீட்டுக்காரரு எங்க நின்னாருன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்க சாகக் கூடாது."

"சொல்வேம்மா."

"அக்கா ஒரு வார்த்தை கேட்டாங்க. அது என்கிட்ட இல்ல." பிரகாசியைப் பார்த்துத்தான் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவரு ஒங்க மேல ஒரு துளி கோவமில்லாமச் செத்தாரு. கோவப்படவேண்டிய மனுசன் தன்னையே திட்டிக்கிட்டுக் கிடந்து செத்தாரு. அவரு படவேண்டிய கோவத்த நான் வச்சிருக்கேன். இருக்குற வரைக்கும் வச்சிருப்பேன். எறக்கி வையின்னு கேட்டு இனி யாரும் என் வாசலுக்கு வராதீங்க."

"சரிம்மா" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். தெருமுனை திரும்பும்வரை பிரகாசி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து தட்டு வைத்தாள், சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடவா என்றாள். போடு என்றேன்.

முதல் வாய்தா மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.